துரை பங்களாவின் சலவைக் குறி

அழுக்காக்கியவர் மறந்துவிடுவார், வெளுத்தவன்தான் பதில் சொல்லியாக வேண்டும். சலவைத் தொழிலில் கை நனைத்த உங்களுக்கு இது தெரியாததல்ல. நான் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலையூரான தானா ராத்தாவில், ஊரை ஒட்டி ஓடும் பெர்த்தாம் ஆற்றில் கல் போட்டு வெளுத்தவன். மலைக்குக் கீழே ஈப்போ எவ்வளவு பெரிய பட்டணமானாலும் எங்கள் ஆற்று வெளுப்பு அங்கே வராது என்பது என் கட்சி. சந்தேகம் விழுந்த ஆளைச் சயாம் ரயில்பாதை போட்டுச் சாக அனுப்பிய ஜப்பான்காரன் காலத்திலும் அந்தக் கட்சியை நான் விடவில்லை.

தேயிலை வாசம்

முதலில் சோப்பு போயிற்று. நானும் என் மனைவி ஞானம்மாவும் வாழைமட்டையை எரித்து, அந்தச் சாம்பல் தண்ணீரில் துணியை வேகவைத்தோம். வெளுப்பு வந்தது, ஆனால் காயவில்லை. மலை மூட்டத்தில் ஆற்றங்கரைச் சேலை மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடந்தது. தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் போய் நின்றேன். வேலை பாதி நின்றுபோய், தேயிலைக் கொழுந்து வாட்டுகிற மாடி சும்மாதான் இருந்தது. அங்கே கொடி கட்டிக்கொள்ளச் சொன்னார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாம் லைன் முனியம்மாவுக்கு உருப்படியாக இருந்தது ஒரே சேலை. காய்ந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சீனி போட்டுத் தேத்தண்ணி குடிச்சு எத்தன மாசம் ஆச்சு. சேலையாச்சும் மணக்குதே, டோபி அண்ணே."

கிழங்குக் கஞ்சி

துரை பங்களாவில் வெள்ளைக்காரத் துரை போய், ஜப்பான் அதிகாரி ஒருவர் குடிவந்தார். அவருக்குச் சட்டைக் காலர் விறைத்து நிற்க வேண்டும். கஞ்சி போட அரிசிக்கு எங்கே போவது? நாங்கள் சாப்பிட்டதே மரவள்ளிக்கிழங்கு. அதையே அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சினேன். முதல் தடவை கட்டி தட்டிப் பல்லைக் காட்டியது. மறுதடவை மெல்லிய துணியில் வடிகட்டிப் போட்டேன். அரிசிக் கஞ்சி தோற்றது. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பங்களாவின் சமையல்காரர் நம்மவர். காலரைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம வயித்துக்குப் பத்தாத கிழங்கு இவரு கழுத்துல ஏறிடுச்சு. ஆனா நல்லாத்தான் நிக்குது லா."

வீட்டுக் குறி

துணி மாறிப்போகாமலிருக்க, துவைத்தாலும் அழியாத சேராங்கொட்டைச் சாற்றால் உள்பக்கம் குறி போடுவது எங்கள் வழக்கம். கொட்டை இந்தியாவிலிருந்து கப்பலில் வரும். கப்பல் நின்றதும் டப்பாவில் மிஞ்சியதை எண்ணி எண்ணிச் செலவழித்தேன். அதிகாரிக்கென்று புதுக் குறி யோசிக்கவில்லை. துரை பங்களாவுக்கு எப்போதும் போடும் இரண்டு கோடு ஒரு புள்ளியையே அவர் சட்டையிலும் போட்டுவிட்டேன். அதுதான் வினையாயிற்று.

ஒருநாள் காலை, துரை விட்டுப்போன மேசை விரிப்பை அதிகாரி புரட்டியிருக்கிறார். அதிலும் இரண்டு கோடு, ஒரு புள்ளி. எதிரியின் அடையாளம் தன் கழுத்தில் எப்படி வந்தது? நான் கொண்டுவந்த மூட்டையில் மற்றவர் துணியிலும் கோடும் புள்ளியும் பார்த்ததும், ஜப்பானை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு நான் அனுப்பும் ரகசியச் செய்தி என்று முடிவு கட்டிவிட்டார். என்னையும் மூட்டையையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். ஞானம்மா அழுதுகொண்டே பின்னால் வந்தாள்.

ஈப்போவிலிருந்து வந்திருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம், "குறிய மட்டும் காட்டச் சொல்லுங்க, யாரு துணின்னு சொல்றேன்," என்றேன். துணிக்காரர்களை வாசலுக்கு வரவழைத்தார்கள். அதிகாரி துணியைச் சுருட்டிப் பிடித்துக் குறியை மட்டும் காட்டினார். முனியம்மா சேலை, கிராணி வேட்டி, மளிகைக்கடைக்காரர் போர்வை என்று சொல்லிக்கொண்டே போனேன். உரியவர்கள் விரித்துப் பார்த்துத் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. பயம் போய் எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

கடைசியாக அதிகாரி தன் சட்டையை நீட்டினார்.

"துரை பங்களா," என்றேன். "குறி ஆளுக்கு இல்லீங்க, வீட்டுக்கு. ஆளுங்க வருவாங்க, போவாங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. மொழிபெயர்ப்பாளர் என்னையே பார்த்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார். அதிகாரி சட்டையை என் மூட்டைமேல் போட்டு, போகும்படி கையசைத்தார். ஞானம்மா என் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் அந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார். "கடைசியா சொன்னீங்களே, அத நான் அவருகிட்டச் சொல்லல, அண்ணே. இதுல ஒரு குறி போட்டுக் கொடுங்க லா, ஈப்போவுல மூணு தடவ மாத்திக் கொடுத்துட்டானுங்க."

கடிகார நேரத்திலிருந்து கொடிவரை எல்லாவற்றையும் மாற்றிய ஜப்பான்காரர்கள் போன பிறகு, அந்தப் பங்களாவில் குடிவந்த புதுத் துரையின் சட்டையிலும் நான் போட்டது இரண்டு கோடு, ஒரு புள்ளிதான்.