நான் தூங்காத எட்டு மணி நேரம்

பேய் பிசாசு எதையும் நம்பியவன் இல்லை நான். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன். கூட ஓட்டுகிறவர்கள் அந்த வளைவில் ஒருத்தி கை காட்டினாள், இந்தப் பாலத்தில் ஒருத்தன் குறுக்கே வந்தான் என்பார்கள். தூக்கக் கலக்கம் என்று சிரித்துவிட்டுப் போவேன். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் அதையேதான் சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது.

தீபாவளி சீசன். கரூரிலிருந்து இரவு முழுக்க ஓட்டி வந்து, காலையில் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பேப்பர் ரோல் இறக்கினேன். குளித்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைக்கும்போது முதலாளி போன் செய்தார். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு லோடு ஏற்றி வண்டி நிற்கிறது, ஓட்ட வேண்டியவனுக்குக் காய்ச்சல், ஓசூர் வரைக்கும் நீதான் போகணும் என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பட்டாசுக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. இரவெல்லாம் ஓட்டிய டிரைவர் எட்டு மணி நேரம் தூங்காமல் லோடு எடுக்கக் கூடாது, எங்கே தூங்கினான் என்பதை லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் எல்லோரும் பொய்தான் எழுதுவோம். நானும் எழுதினேன். சாத்தூர் தாண்டி விருதுநகர் ரோட்டில் கயிற்றுக் கட்டில் போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது, வேல்சாமி என்பவர் நடத்துவது. அங்கே காலை எட்டு முதல் மாலை நாலு வரை ஓய்வு, நாலு மணிக்குப் புறப்பாடு என்று எழுதிவிட்டு, எட்டரைக்கே வண்டியை எடுத்துவிட்டேன்.

திண்டுக்கல் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் வருவது கரூர்ப் பாலம். நடுவில் எழுபது கிலோமீட்டருக்கு மேல், ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங்கில் கை இருக்கிறது, காலடியில் பிரேக் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் அம்புட்டு வெடியும் இருக்கிறது. ஓரமாக நிறுத்தி இறங்கினேன். யாரையாவது இடித்துவிட்டேனா என்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீறல் கூட இல்லை.

பத்து நாள் கழித்து, கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் லாக் புக்கைப் புரட்டிக்கொண்டே இந்தக் கடை எங்கே இருக்கு, நாளைக்குப் போய் விசாரிக்கிறேன் என்றார். அன்று மதியமே வேல்சாமி கடைக்குப் போனேன். யாராவது வந்து கேட்டால் நான் இங்கே படுத்திருந்ததாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்பதற்கு.

நான் பாதி சொல்வதற்குள் அவர் சிரித்தார்.

"இதச் சொல்றதுக்கா வந்தீக அண்ணாச்சி? அன்னைக்கு நீங்க இங்கனதான படுத்திருந்தீக."

ஆபீசர் முந்திக்கொண்டார், இந்த ஆளைப் பிடித்து எனக்குக் கண்ணி வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. வேல்சாமியின் மனைவி பொன்னுத்தாய் கல்லில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவரிடம் தனியாகக் கேட்டேன். வண்டி எங்கே நின்றது என்று மடக்கினேன். வண்டி இல்லை, நடந்துதான் வந்தீர்கள், எட்டு மணி இருக்கும், ஒன்றும் சாப்பிடாமல் வேப்பமரத்தடிக் கட்டிலில் போய் விழுந்தீர்கள் என்றார். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற பாதயாத்திரைக் கூட்டம் கொட்டு மேளத்தோடு போயும் நான் அசையவில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ண முழிச்சுக்கிட்டே தூங்குனீக அண்ணாச்சி. கருமுழி ரோட்டப் பாத்து அங்கிட்டும் இங்கிட்டும் போயிட்டு இருந்துச்சு. பாக்கப் பயமா இருந்துச்சுன்னு நான்தான் துண்ட எடுத்து மூஞ்சில போட்டேன்."

நம்பினால் நம்புங்கள், அந்த வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது.

அதற்குப் பிறகும் நான் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து ஆபீசர் கூப்பிட்டார். மேஜையில் டோல்கேட் கணக்கு இருந்தது. வண்டி மதுரைப் பக்கம் காலையிலேயே கடந்திருக்கிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது, உள்ளதைச் சொல்லிவிட்டேன். சார், நான் தூங்கவே இல்லை, பொய்யாக எழுதினேன், வண்டி ஓட்டியது நான்தான்.

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். வேல்சாமி கடைக் கேமராவில் அதே நாள் பகலில் பதிவானது. வேப்பமரம், கட்டில், முகத்தில் துண்டோடு ஒருத்தன். ஜாக்கி விழுந்து நசுங்கிய என் இடது கால் சுண்டுவிரல் வெளியே திரும்பி நிற்கும், வேறு யாருக்கும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கால் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க இங்க தூங்கிட்டு இருந்திருக்கீங்க. அப்ப அந்த வண்டிய யார்கிட்டக் குடுத்து ஓட்டச் சொன்னீங்க?"

நான்தான் ஓட்டினேன் என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் நம்பவில்லை. லைசென்ஸ் இல்லாத எவனிடமோ வெடி லோடைக் கொடுத்தேன் என்று எழுதி, கம்பெனி லோடு எதையும் நான் தொடக் கூடாது என்றாகிவிட்டது. முதலாளியும் கைகழுவிவிட்டார். பொய் எழுதிய காலமெல்லாம் நிலைத்த வேலை, உண்மையைச் சொன்ன அன்றைக்குப் போனது.

இப்போது ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறேன். பகல் வேலை மட்டும். தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டுத் தூங்குகிறேன், தூங்கியதை மட்டும் எழுதுகிறேன். இதை ஒரு கெட்ட கனவாக மறந்திருப்பேன்.

ஆனால் போன மாசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி மாரீஸ்வரி என் முகத்தையே பார்த்தாள். அவளிடம் இந்தக் கதையில் ஒரு வரி கூட நான் சொன்னதில்லை. உடம்புக்கு என்ன, இன்னும் களைப்பாகவே தெரிகிறீர்களே என்றாள். ஒன்றுமில்லை, நன்றாகத்தான் தூங்குகிறேன் என்றேன்.

"போன சீசன்ல ஒரு நாள் சாயங்காலம் வண்டி இல்லாம நடந்து வந்தீகளே," என்றாள். "கேட்டதுக்கு நல்லாத் தூங்குனேன்னு சொன்னீக. மொகம் அம்புட்டுத் தெளிச்சியா இருந்துச்சு. ரெண்டு நாளு வீட்டுல இருந்தீக, பிள்ளைகளோட சிரிச்சுப் பேசுனீக. அதுக்கப்புறம் உங்கள அப்படிப் பாக்கவே இல்ல."

அந்த இரண்டு நாளும் நான் ஓசூரில் அந்த வெடி லோடை இறக்கக் காத்துக் கிடந்தேன்.

வந்தது யார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. சில நாள் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் எழுந்து போய்ப் பார்க்கிறாள். நான் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தும்.