வெற்றிச்செல்வி அரைத்த பருத்திப்பால்

மாயவன் என் கூடப்பிறந்த தம்பி. அதனால் கூச்சப்படாமல் சொல்கிறேன்: அவனைப்போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். கிடுகிடு பள்ளத்திலிருந்து லோடு வண்டியைப் பயமில்லாமல் மேலே ஏற்றுவான். ஊசியைக் கண்டால் மட்டும் ஐயாவுக்கு முகம் வெளுத்துவிடும்.

அவன் மனைவி வெற்றிச்செல்வி பருத்தி எடுக்க, களை வெட்ட என்று கூலி வேலைக்குப் போகிறவள். இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தின்போதுதான் அவளுக்கு இதய வால்வில் கோளாறு இருப்பது தெரிந்தது. டாக்டரம்மா புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“இன்னொரு பிரசவத்த இவங்க ஒடம்பு தாங்காது. கருத்தடை ஆபரேசனுக்கு மயக்க மருந்து குடுக்கவே பயமா இருக்கு. நீங்க பண்ணிக்குங்க மாயவன். சின்ன வேலைதான், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்.”

பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினான். பஸ் ஏறியதும் பேச்சு மாறிவிட்டது. லாரி ஓட்டுகிற உடம்பாம், தெம்பு போய்விடுமாம். உறை போட்டுக்கொள்ளடா என்றால் அதுவும் பிடிக்காதாம்.

கொஞ்ச நாளில் போனில் ஒரு வீடியோவைப் பிடித்துக்கொண்டு வந்தான். பருத்தி விதையில் இருக்கிற ஏதோ ஒரு பொருளை வெளிநாட்டில் ஆம்பளைகளுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்களாம், பிள்ளை உண்டாகவில்லையாம். அவ்வளவுதான், இவனுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. தினமும் ஒரு சொம்பு பருத்திப்பால்! பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் தட்டிப்போட்டுக் காய்ச்ச வேண்டியது யார்? நெஞ்சு படபடக்க வேலைக்குக் கிளம்பும் வெற்றிச்செல்விதான்.

“அண்ணி, இது நெசமாவே கேக்குமா?” என்று என்னிடம் கேட்டாள்.

நான் அவனையே பிடித்தேன். “ஏண்டா, நம்ம அப்பா குடிக்காத பருத்திப்பாலா? நாம அஞ்சு பேரு எப்படிடா பொறந்தோம்?”

“ஒனக்கு என்னக்கா தெரியும்? இது சயின்சு.”

சயின்சு வேலையைக் காட்டியது. அவன் கன்னம் உப்பியது, அவளுக்கு நாள் தள்ளிப்போனது. பயந்துகொண்டே அவனிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாவி வாய் கூசாமல் கேட்டான்: “நான்தான் மருந்து குடிக்கிறனே. அப்புறம் இது எப்படி வந்துச்சு?”

முதலில் வீட்டுக்குள் கேட்டான். பிறகு தெருக்குழாய் வரைக்கும் அது வந்துவிட்டது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் அவள் வயிற்றையே பார்த்தார்கள்.

உடனே கலைத்துவிடலாம், உயிர் முக்கியம் என்று நான் கெஞ்சினேன். அவள் அசையவில்லை.

“இப்ப கலைச்சா, தப்பு பண்ணிட்டு மறைச்சுட்டான்னுதான் சொல்லுவாரு அண்ணி. மொதல்ல அவரு டெஸ்ட் எடுக்கட்டும். ஊரு முன்னாடி எம்பேரு சுத்தமாகட்டும், அப்புறம் வர்றேன்.”

அவனா வருவான்? இன்றைக்கு லோடு, நாளைக்கு டயர் பஞ்சர், அடுத்த வாரம் கோயில் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தான். கடைசியில் நான்தான் சட்டையைப் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். வெற்றிச்செல்வியும் கூட வந்தாள்.

டாக்டரம்மா பருத்திப்பால் கதையைக் கேட்டு, டெஸ்ட் முடிவையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. அந்தப் பொருளப் பிரிச்செடுத்து மாத்திரையாக் குடுத்துப் பாத்தது உண்மைதான். ஒடம்பக் கெடுக்குதுன்னு அப்பவே விட்டுட்டாங்க. நீங்க குடிச்சது வெறும் பருத்திப்பால்.” பிறகு வெற்றிச்செல்வி பக்கம் திரும்பினார். “ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க? இனிமே கலைக்கிறதும் ஆபத்து, பெத்துக்கிறதும் ஆபத்து.”

வெளியே வந்த மாயவன் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு சிநேகிதனுக்குப் போன் போட்டான். “டாக்டரே சொல்லிட்டாங்கடா, நமக்கு ஒரு கொறையும் இல்லையாம்!”

அன்றைக்கே அவளையும் பிள்ளைகளையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அடுத்த வாரம் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று வந்தான், வாசலிலேயே நின்றான். “ஊரு சிரிக்குது, வூட்டுக்கு வா.”

“மொதல்ல நீங்க கருத்தடை ஆபரேசன் பண்ணிட்டு வந்து கூப்புடுங்க,” என்றாள்.

அவன் இரண்டு பெண்களையும் பார்த்தான். அவளிடம் கேட்டான்:

“எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா இந்தப் புள்ளைங்கள யாரு பாத்துக்குவா?”