இலஞ்சியில் ஓர் அடைக்கலப்பட்டணம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரல் கோயிலுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவர்களெல்லாம் நடுவில் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி ஜன்னலுக்குக் கீழே ஒருவர் மட்டும் நனைந்தபடி நகராமல் இருந்தார். என் கணவர் அப்போது இலஞ்சியில் போதகர். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள். அன்று அவர் லேவியரைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இஸ்ரவேலின் மற்றக் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்டபோது, ஆலய ஊழியம் செய்த லேவியருக்குத் தனிப் பங்கு கிடையாது. மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்த நாற்பத்தெட்டு ஊர்களும் அவற்றைச் சுற்றிய மேய்ச்சல் நிலமும்தான். அவற்றில் ஆறு, அடைக்கலப்பட்டணங்கள். கைத்தவறுதலாக ஒருவனைக் கொன்றவன் அங்கே ஓடி ஒதுங்கலாம். எல்லையைத் தாண்டாதவரை, செத்தவனின் உறவுக்காரன் அவனைத் தொடக் கூடாது. குருக்களுக்கெல்லாம் தலைவரான பிரதான ஆசாரியன் இறந்த பிறகு அவன் தன் வீட்டுக்குத் திரும்பலாம்.

ஆராதனை முடிந்ததும் நனைந்த மனிதர் வந்தார். குற்றாலத்துக்கு வேன் ஓட்டுகிறவர். ஐந்தருவி சாலையில், மழையில் வழுக்கிய பைக் ஒன்று அவர் சக்கரத்துக்குள் போய், பண்பொழிப் பையன் ஒருவன் இறந்திருந்தான். தப்பு அவர்மேல் இல்லை என்று போலீசே சொல்லிவிட்டது. ஆனால் இறந்தவனுடைய அண்ணன், இவர் போகுமிடமெல்லாம் வந்து நின்றான். வேன் ஸ்டாண்டில், டீக்கடையில், இவர் வீட்டுத் தெருவில். ஒரு வார்த்தை பேசுவதில்லையாம்.

“ஐயரே, நாம இருக்கது லேவியரு ஊருதான?” என்று கேட்டார்.

என் கணவர் சிரிக்கப் போனார். அந்த முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எங்களுக்கும் சொந்தமாக ஒரு சென்ட் இடம் கிடையாது. சபை அனுப்புகிற ஊருக்குப் போய், அங்கே போதகருக்கென்று இருக்கும் குருமனையில் குடியிருக்கிறவர்கள். “அப்படித்தான்னு வச்சுக்கிடுங்க” என்றார்.

டிரைவர் குருமனைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கினார். காம்பவுண்டைப் பெருக்குவார், செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். கேட்டுக்கு வெளியே ஒரு தேங்காய் விழுந்தால்கூட எடுக்கப் போகமாட்டார். அவர் மனைவி தென்காசியிலிருந்து துணிமணி கொண்டுவந்து, கம்பி வழியே நீட்டிவிட்டுப் போவாள். சீக்கிரமே இறந்தவனின் அண்ணன், அந்தப் பண்பொழிக்காரனும் வந்துவிட்டான். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் எதிரே தென்னந்தோப்பு ஓரம் நின்றிருப்பான். மழை பெய்தாலும் குடை பிடிக்கமாட்டான். டீ கொடுத்தனுப்பினேன், தம்ளர் அப்படியே திரும்பி வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் டிரைவர் என்னிடம் மெல்லக் கேட்டார். “ஐயரம்மா, அப்ப இங்கன பிரதான ஆசாரியரு யாரு? நம்ம ஐயருதானா?”

அப்படியெல்லாம் இப்போது யாரும் இல்லை என்றேன். ஆனால் அதன்பிறகு நான் பழையபடி இல்லை. என் கணவர் இருமினால் டிரைவரின் துடைப்பம் நின்றுபோகும். அதே நேரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவனும் தலை நிமிர்வான். அவ்வளவு தூரத்துக்கு இருமல் கேட்காது. இருவரும் என் வீட்டு மனிதரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொன்னபோது அவர் சிரித்தார்.

ஐப்பசி மாதம், விடுமுறை நாள் ஒன்றில், உச்சி வெயிலில், கோயில் படியில் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவர் ஓடி வந்து அவரைத் தூக்கி எங்கள் காரில் கிடத்தி, வண்டியைக் கிளப்பினார். வெளியே போகிறோம் என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. கேட் மூடியிருந்தது. வெளியிலிருந்து அதைத் திறந்துவிட்டவன் பண்பொழிக்காரன். திறந்தவன், முன் சீட்டில் டிரைவர் பக்கத்திலேயே ஏறிக்கொண்டான். தென்காசி ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். என் மடியில் தலை வைத்திருந்த அவர், ஒரே ஒரு முறை அவனைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

டாக்டர் வெளியே வந்து சொன்னார். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் அவன் குரல் கேட்டது. டிரைவரிடம்தான். “முடிஞ்சுட்டு அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க.”

வேதமே வாசித்திராத ஒருவனுக்கு அந்தச் சட்டம் எப்படித் தெரிந்தது? கணவரைப் புதைத்து, குருமனையைக் காலி செய்து, தென்காசியில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் என்னை விடவில்லை. டிரைவர் மறுபடி வேன் ஓட்டுகிறார். அவரை யாரும் தொடரவில்லை.

இந்தச் சீசனில் பஸ் ஸ்டாண்டு அருகே பண்பொழிக்காரனைப் பார்த்தேன். நானே போய்க் கேட்டேன்.

“நீங்க பள்ளிக்கூடம் போன பொறவு ஐயரு எங்கிட்ட வந்து நிப்பாரும்மா” என்றான். “நான் இருக்க வரைக்கும் அவரத் தொடாத, நான் செத்துட்டா அந்தச் சாவ ஒன் தம்பிக்கு ஈடா எடுத்துக்கோன்னாரு. அவருக்கு என்ன வயசு, எப்படியும் இருவது வருசம் இருப்பாருன்னு நெனச்சு நானும் சரின்னுட்டேன்.”

அவருக்கு ரொம்ப நாளாகவே இருதய அடைப்பு இருந்ததாக டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன். அதுதான் உண்மை; நானும் அதைத்தான் நம்ப முயல்கிறேன். அவன் தலையாட்டிக் கேட்டான். பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

“அன்னைக்கு ஐயருகிட்ட நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா?” என்றான்.