பெடலில் கால் படாத பத்து நிமிடம்

காரின் ஓட்டுநர் இருக்கையில், பந்தியில் இலைக்கு முன் அமர்வதுபோலச் சம்மணமிட்டு, கைகளை மடியில் சேர்த்துவைத்திருந்த மதினியின் உருவம் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. மதினி என் கணவரின் அக்கா. கணவரை இழந்த பின் ஒற்றை மகனையும் கோவில்பட்டியில் ஒரு கடையையும் தனியாகவே நடத்தி வந்தவர். காத்திருப்பது என்பது அவருக்கு வராத கலை.

மகனுக்கு வடக்கே வேலை கிடைத்தபோது, "போறதுன்னா போலே, என் முகத்துல முழிக்காத" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவன் மணியாச்சியில் இருந்த நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் மாலை அங்கிருந்து ரயில். ரயிலேற வேண்டிய அன்று மதியம் சோற்றில் வைத்த கையோடு மதினி எழுந்தார். "வாட்டி. அவனை ரயில்ல ஏறவிடாமக் கூட்டிட்டு வந்துருவோம்."

மதினியின் கார் அப்போது பட்டறையில் இருந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்துவிடும் த்ராட்டிலில் கரிசல் புழுதியும் கரியும் அப்பியிருந்ததை மெக்கானிக் அண்ணாச்சி அப்போதுதான் துடைத்து முடித்திருந்தார். மதினி சாவிக்குக் கை நீட்டியதும் அவர் பதறினார்.

"பொறுங்கக்கா. அழுக்கு அடைச்சிருந்தப்ப எவ்வளவு திறக்கணும்னு வண்டி ஒரு அளவு வச்சிருக்கு. இப்பச் சுத்தமாயிட்டு; அது இன்னும் பழைய அளவுலதான் நிக்குது. பத்து நிமிசம் யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்காம, நின்ன இடத்துலயே ஓடவிட்டா, புது அளவை அதுவே படிச்சுக்கிடும்."

"அதெல்லாம் போற வழியில படிக்கட்டும்" என்று மதினி கிளம்பிவிட்டார்.

கடம்பூரைத் தாண்டியதும் ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்ததும் எஞ்சின் நின்றுபோனது. திரும்பக் கிளப்பினால் உறுமியது; அடங்கியது; அணைந்தது. மந்தைக்காரர் கம்பில் சாய்ந்து நின்று பார்த்தார். "தாயி, என் கிடாய்கூட இப்படி முரண்டு பண்ணாதே!"

ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்புமுன் மதினியின் கால் ஆக்சிலேட்டர் பெடலை இரண்டு முறை அமுக்குவதை நான் கவனித்தேன். பழைய காரில் அவருக்கு ஓட்டப் பழக்கிய கணவர் சொல்லித்தந்த முறை அது.

"மதினி, காலை எடுங்க."

"எடுத்துட்டேன்ட்டி!" என்றவர் குனிந்து பார்த்தார். கால் அங்கேயேதான் இருந்தது. "இது என் பேச்சைக் கேக்காது. அவிய பழக்கிவிட்ட கால்லா!"

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டார். நான் பக்கத்திலிருந்து கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் முதலில் ஓலமிட்டது. பின் தணிந்து, நின்றுவிடுமோ என்று நடுங்கி, மீண்டும் எழுந்தது. மதினி கைகளை மடியில் சேர்த்துவைத்துக்கொண்டார். திறந்த கண்ணாடி வழியே கரிசல் மண்ணின் மணம் வந்தது. இரு பக்கமும் உளுந்துக் காடு. ஆடுகள் போன வழியில் எழுந்த புழுதி வெயிலில் பொன்னாகி, இறங்க மனமில்லாததுபோல அந்தரத்தில் நின்றது. காலம் எங்களை அங்கேயே விட்டுவிட்டு முன்னால் போய்விட்டதாகத் தோன்றியது.

"கிணத்துல அவன் நீச்சல் படிச்சப்ப, மேல நின்னு 'ஏறி வாலே, ஏறி வாலே'ன்னு கத்திக்கிட்டே கிடந்தேன்" என்றார் மதினி, யாரிடமோ சொல்வதுபோல. "அவன் பாட்டுக்கு மிதந்துக்கிட்டுதான் இருந்தான்."

எஞ்சினின் வேகத்தைக் காட்டும் முள் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. எஞ்சினின் ஓசை, உறங்கும் குழந்தையின் மூச்சுப்போலச் சீரானது. மதினி மெல்லக் கால்களை இறக்கினார்.

மணியாச்சியில் ரயில் வந்து நின்றிருந்தது. படியில் நின்ற மகன் அம்மாவைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "எம்மா, நான் இறங்க மாட்டேன்."

மதினி பையைத் தொடவில்லை.

"போய் இறங்கினதும் போன் போடுலே. நான் கோவத்துல எடுக்க மாட்டேன். நீ விடாத, அடிச்சுக்கிட்டே இரு."

ரயில் நகர்ந்தது. என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் கடைசிப் பெட்டி மறையும்வரை இறுகியிருந்தன.

இன்றும் ஞாயிறுதோறும் அவன் அழைக்கிறான். மதினி முதல் மணி முடியும் முன்பே எடுத்துவிடுகிறார், எடுத்ததும், "இப்ப எதுக்குலே கூப்பிட்ட?" என்கிறார்.