இரண்டு ஜாக்கோடு வென்ற ஆட்டம்

இன்று மல்கிரேவ் மரக்கறிக் கடையில் ரவியைக் கண்டேன். எழுபதுகளில் மெல்பேர்னில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த சென்னைக்காரர்.

நலம்கூட விசாரிக்கவில்லை. "அன்னைக்கு உன் கையில என்ன சீட்டுடா இருந்துச்சு?" என்றார்.

எனக்குப் பொக்கர் சீட்டாட்டம் பழக்கியவரே அவர்தான். "ஒரே மாதிரி சீட்டு ரெண்டு வந்தா நல்லது, மூணு வந்தா இன்னும் நல்லது. முகத்துல மட்டும் எதையும் காட்டாத." காசுக்குப் பதில் தீக்குச்சி. தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும்.

அன்றைய கடைசி ஆட்டத்தில் நான் சிரித்துக்கொண்டே எல்லாத் தீக்குச்சிகளையும் வைத்தேன். ரவி பயந்துபோய், என் சீட்டைப் பாராமலே தன் சீட்டைக் கவிழ்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார்.

"எனக்கு மூணு ராஜா," என்றார் இன்று, கத்தரிக்காயும் கையுமாக.

"என்னட்டை ரெண்டு ஜாக். யாழ்ப்பாணத்தில நாங்கள் விளையாடுற 304இல ஜாக்தான் எல்லாத்திலும் பெரிசு. இதிலயும் அப்பிடித்தான் எண்டு நினைச்சனான்."

அவர் கத்தரிக்காயைக் கூடையில் திரும்ப வைத்தார். "ஒரு மாசம்," என்றார் மெதுவாக. "உன் மீன் சட்டி உட்பட."

தெரியாத்தனத்தால் வென்றவர்கள் வேறு யாரும் இங்கே உண்டா? ரவியும் இன்று முதல் என் முகநூல் நட்பு வட்டத்தில் இருக்கிறார், பார்த்து எழுதுங்கள்.