நிமோலின் வலது கால்

நிமோலுக்கு வலது கால் தொடையோடு நின்றுவிடும். ஒன்பது வயதில், பைலின் பக்கம் மாடு தேடிப் போனபோது கண்ணிவெடியில் போனது. அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. கம்போடியாவின் பத்தம்பாங் சந்தையில் தையல் கடை வைத்திருந்தாள். சொன்ன நாளுக்குத் துணி தரமாட்டாள். தைத்தது மட்டும் உடம்பில் ஒட்டினாற்போல் உட்காரும். செயற்கைக் காலைச் சரிசெய்ய, கால் செய்து பொருத்தும் எங்கள் பட்டறைக்குத்தான் வருவாள்.

அந்த மழைக்காலத்தில் புனோம் பென்னிலிருந்து விரக் என்ற ஆராய்ச்சிக்காரப் பையன் கேமராவோடு வந்திருந்தான். ஆள் நடந்தால் போதும். தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் எங்கெங்கே என்று கம்ப்யூட்டரே புள்ளி வைத்து, கோடு இழுத்து, திரையில் குச்சி உருவமாகக் காட்டும். நடை எங்கே கோணுகிறதென்று தெரிந்தால் கால் பொருத்துவது சுலபம் என்றான்.

நிமோலின் செயற்கைக் கால் என் மேசைமேல் கிடந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவள், ஊன்றுகோலோடு கேமராவுக்குக் குறுக்கே போனாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் கால்சட்டையின் வலது பக்கம் மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. திரையில் இருந்த உருவத்துக்கோ இரண்டு கால்கள்.

அவள் ஓரடி எடுத்து வைத்தாள். திரையில் வலது முட்டி மடங்கியது, கணுக்கால் தரையைத் தொட்டது. ஊன்றுகோல் கீழே விழுந்தது. ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தேன்.

"அது யாரு காலு?"

விரக் ஓடி வந்தான். "யாரு காலும் இல்லக்கா. அதுக்குக் கத்துக்குடுத்த படத்துல எல்லாருக்கும் ரெண்டு காலு. அதான், இல்லாத எடத்துலயும் இருக்கும்னு ஊகிச்சுப் போட்டுருச்சு."

"இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஒத்தக்கால்காரங்க மேலதான் விழணும். எங்கள்ல ஒருத்தரக்கூட அதுக்குக் காட்டலயா தம்பி?"

அவன் கேமராவை அணைத்தான். தினமும் கால் பொருத்துகிற எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது.

இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். மறு வாரமே மீன்காரி, ரிக்‌ஷாக்காரர் என்று சந்தையில் கால் இழந்தவர்களையெல்லாம் அழைத்து வந்துவிட்டாள். விரக் படமெடுத்தான். ஒவ்வொருவருக்கும் கால் எங்கே முடிகிறதென்று நாங்கள் படத்தில் புள்ளி வைத்தோம். தன்னுடையதற்கு அவளே வைத்தாள்.

முன்னோர்க்குச் சோறு படைக்கும் ப்சும் பென் திருநாளுக்கு முன்பு, திருத்திய கம்ப்யூட்டர் நிரலோடு விரக் வந்தான். நிமோல் ஊன்றுகோலோடு நடந்தாள். இந்த முறை வலது பக்கக் கோடு தொடையோடு நின்றது. நாங்கள் கைதட்டினோம். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போயிருச்சு" என்றாள். "வெடிச்ச அன்னிக்கு நான் மயக்கத்துல கெடந்தேன். போனத இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

தட்டிய கையை எங்கே வைப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை. பழைய பதிவு பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன் என்று விரக் மெதுவாகச் சொன்னான்.

"வேணாம் தம்பி. ரெண்டு காலோட என்னப் பாத்தா எம் பொண்ணு பயந்துருவா."

செயற்கைக் காலை மாட்டிவிட்டேன். திருநாள் துணிகள் தைக்காமல் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.