ஈரல் ஜார்

எங்கள் மாடியில் குடியிருந்த செந்தூர்வேல் அண்ணாச்சியிடம் மிக்ஸி இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு விட்டேனா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லவும் செய்தேன். இருபத்தேழு வருஷம் கப்பலில் சமைத்துச் சம்பாதித்த மனுஷன், ஒரு மிக்ஸி வாங்க மனசு வராத கருமி என்று. என் வாய் அப்படி. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அதட்டி அடக்குவார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

கீழே எனக்குக் கருப்பட்டிக் கடையும் வீடும். மாடிக்குப் பதினெட்டுப் படி. பொங்கலுக்கு முன்னால் சர்க்கரை முற்றிப்போய் அண்ணாச்சிக்கு இடது கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஐஸ்வர்யா வந்தாள். நல்ல பிள்ளைதான், கண்டிப்பு ஜாஸ்தி.

"ஆறு மாசம் பாப்பேன்ப்பா. மூணு மாசச் சுகர் ஏழரைக்குக் கீழ வரலன்னா இந்த வீட்டக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துரணும். அடுத்தது பாதத்த எடுத்துட்டாங்கன்னா இந்தப் படிய எப்பிடி ஏறுவிய?"

அண்ணாச்சிக்கு இங்கிருந்து போக இஷ்டமே இல்லை. மொட்டைமாடியில் நின்றால் துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடக்கும் கப்பல்கள் தெரியும். எது எந்த நாட்டுக் கப்பல், உள்ளே எத்தனை பேர் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள் என்று கணக்காகச் சொல்லுவார். "கோயம்புத்தூர்ல என்னத்தப் பாக்க? எதுத்த வீட்டுக்காரன் காயப்போட்ட துணியவா?" என்பார். மனைவி இறந்தபோது அவர் கடலில் இருந்தார். வந்து சேர்ந்தது பதினோராம் நாள். அதற்குப் பிறகு கப்பலுக்கும் போகவில்லை, சொந்த ஊரான ஆறுமுகநேரிக்கும் போகவில்லை.

மகள் கெடு வைத்த அன்றைக்கே அரிசியை விட்டார், இட்லியை விட்டார், ரொட்டியை விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கிண்ணத்தோடு கீழே இறங்கி வந்தார்.

"தங்கச்சி, மிக்ஸியக் கொஞ்சம் தாரியா? ஈரல் அரைக்கணும்."

"ஈரலையா! ஐயய்யே, செவ்வா வெள்ளி கவுச்சி சேக்காத வீடு அண்ணாச்சி இது."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமதான?"

பழைய சட்னி ஜார் ஒன்றை எடுத்து, இனிமேல் இது ஈரலுக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். மிக்ஸியை மேலே கொண்டுபோக விடவில்லை. என் கண்முன்னால் அரைக்கட்டும் என்றேன்.

ஆட்டு ஈரலின் மேல்தோலை உரித்து, பாலில் ஊறவைத்து, வெங்காயம் பூண்டோடு வெண்ணெயில் வதக்கிக் கொண்டுவருவார். நடுவில் லேசாகச் சிவப்பு இருக்கவேண்டும், முழுக்க வெந்தால் மண்ணாகப் போய்விடும் என்பார். மிளகும் இன்னும் கொஞ்சம் வெண்ணெயும் சேர்த்து, விட்டுவிட்டு அரைப்பார். பிறகு சல்லடையில் தேய்த்துக் கிண்ணத்தில் வழித்து, மேலே உருக்கின நெய்யை ஊற்றி மூடுவார். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குக் கெடாதாம். ஒரு கிரேக்கக் கேப்டனுக்காகக் கற்றுக்கொண்டதாம், அதுக்குப் பேரு 'பாத்தே'யாம். கேப்டன் ரொட்டியில் தடவித் தின்பான், இவர் வெள்ளரிக்காய் வில்லையில். நான் அதற்கு ஈரல் துவையல் என்று பேர் வைத்தேன். "அப்பிடியே இருக்கட்டும்" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பலாமா? காபி போட்டேன். சீனி போடவில்லை, எனக்கும் அறிவு இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிதான், நல்ல கட்டியாகத் தட்டிப் போட்டேன்.

"குடிங்க அண்ணாச்சி, கருப்பட்டிதான, ஒண்ணும் செய்யாது. உடம்புக்கு நல்லது."

எங்கள் ஊர்ப் பக்கம் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். அவர் டம்ளரை ஒரு நிமிஷம் பார்த்தார். குடித்தார்.

ஒரு வாரம் கெடாத சாமான், பிறகு புதன்கிழமையும் அரைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் கால் கிலோ கால் கிலோவாக வாங்கிக்கொண்டு வாரத்துக்கு நாலு நாள் வந்தார். வந்தால் காபி. சில நாள் கருப்பட்டிப் பணியாரமும் வைப்பேன். கப்பல் கதை சொல்லுவார், நான் குறுக்கே பேசுவேன், மணி போவதே தெரியாது. அவர் மேலே போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

ஆடி மாசம் பரிசோதனை முடிவு வந்தது. ஒன்பது புள்ளி நாலு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "எங்கன போயி என்னத்தத் திங்கிய அண்ணாச்சி? ஒளிச்சு வச்சுத் திங்கியளா? போகணும்னு ஆசையா இருக்கா?" என்று வாசலில் நின்று கத்தினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கத்தி முடித்து அவர் கையில் காபியையும் கொடுத்தேன், பாவி.

ஐஸ்வர்யா வந்துவிட்டாள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது சாவியை என்னிடம் தந்து, "அத்தை, ஃப்ரிட்ஜ மட்டும் காலி பண்ணிருங்க" என்றாள். ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஆறு கிண்ணம், நெய்மூடி உடையாமல் அப்படியே இருந்தது. கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பெட்டி ஒன்று. மிக்ஸி. மகள் போன வருஷம் அனுப்பினது, மேலே விலாசச் சீட்டு ஒட்டியிருந்தது.

பெட்டிமேல் ஒரு நோட்டு. தினமும் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை. நூற்றி நாற்பது, நூற்றி ஐம்பது என்றே போகிறது. வாரத்தில் சில நாள் மட்டும் இருநூற்றித் தொண்ணூறு, முந்நூறு. அந்த நாளுக்கு நேரே 'காபி' என்று எழுதியிருந்தார்.

அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன். எல்லாம் தெரிந்தும் அந்த மனுஷன் குடித்திருக்கிறார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கோபித்திருப்பேன், முகத்தைத் தூக்கிவைத்திருப்பேன், நாலு நாள் பேசாமலும் இருந்திருப்பேன். அதற்குப் பயந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் கோயம்புத்தூர் போகக் கார் வந்தது. கருப்பட்டி போடாமல் ஒரு டம்ளர் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"இந்த ஜார எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. அங்கன ஈரல் அரைக்கணும்லா."

அவர் ஜாரை வாங்கவில்லை.

"எங்கிட்ட மிக்ஸி இருக்கு தங்கச்சி" என்றார்.